நண்பனின் செக்கு எண்ணெய்த் திட்டம்: “அருமை” என்று சொல்லிவிட்டேன், உண்மையை இனி எப்படிச் சொல்வது?

மேலரதவீதிக்காரன்
3 ஆகஸ்ட் 2025, இரவு 10.15

ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்த நண்பன் ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் ஊர் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. இருவரும் இப்போது சென்னையில் இருக்கிறோம். அவன் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை பார்க்கிறான். பிடித்தம் போக மாதம் 92,000 ரூபாய் கைக்கு வருகிறது. அந்த வேலையை விட்டுவிட்டு மேடவாக்கம் பகுதியில் மரச்செக்கு எண்ணெய்க் கடை தொடங்கப் போவதாகச் சென்ற மாதம் தொலைபேசியில் சொன்னான். நான் அப்போது கூட்டமான பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். “அருமை மாப்பிள்ளை, செய்” என்று சொல்லி அழைப்பை முடித்தேன்.

நேற்று அவன் வீட்டுக்கு வந்து, பதினான்கு பக்கங்களில் அச்சிட்ட திட்டத்தை என் கையில் கொடுத்தான். அட்டையில் காளை பூட்டிய செக்கின் படம் இருந்தது (கடையில் ஓடப்போவது மின்மோட்டார் செக்கு என்பது வேறு விஷயம்). ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் கடைக்கு முன்பணம் கொடுப்பது, ஆகஸ்ட் இறுதியில் வேலையிலிருந்து விலகுவது, தீபாவளிப் பலகார விற்பனையைப் பிடிக்கும்படி அதற்குள் கடையைத் திறப்பது என்று தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறான். என்னிடம் அவன் கேட்பவை மூன்று. திட்டத்தைப் படித்து மறைக்காமல் கருத்துச் சொல்ல வேண்டும். மூன்று லட்சம் ரூபாய் போட வேண்டும். வாங்கப்போகும் 12 லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும்.

எனக்கு இந்தத் திட்டம் தேறும் என்று தோன்றவில்லை. ஆனால் ஏன் தேறாது என்று கேட்டால் என்னாலேயே தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அலுவலகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் தரையைப் பார்த்துப் பேசுகிறவன், நேற்று கொப்பரையின் ஈரப்பதத்தைப் பற்றி அரை மணி நேரம் நிறுத்தாமல் பேசினான். முதலில் “அருமை” என்று சொன்னவனும் நான்தான். இப்போது மாற்றிப் பேசினால், பணம் கேட்டவுடன் பின்வாங்குகிறேன் என்றுதான் அவன் நினைப்பான். இப்படிப்பட்ட நிலையில் இருந்தவர்கள் என்ன சொன்னீர்கள், எப்படிச் சொன்னீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.


நேர்கோடு
3 ஆகஸ்ட் 2025, இரவு 10.42

பணம் இல்லை, கையெழுத்து இல்லை, வாழ்த்துகள் உண்டு என்று சொல்லி விலகிக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவரை வழிநடத்துவது உங்கள் வேலை அன்று.


ஈரோட்டான்
3 ஆகஸ்ட் 2025, இரவு 11.30

நேர்கோடு அவர்கள் சொன்ன வழியில் நடந்தவன் நான். அதனால் எழுதுகிறேன்.

பெருந்துறை வட்டாரத்தில் ஈமுக் கோழிப் பண்ணைகள் பெருகிய காலம் அது. பணம் கட்டினால் குஞ்சுகள், தீவனம், மாதந்தோறும் பராமரிப்புத் தொகை, பறவைகளை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ளும் உறுதி என்று வீடு வீடாகப் பேசினார்கள். என் மனைவியின் அண்ணன் ஒன்றரை ஏக்கர் நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டினார். கட்டுவதற்கு முந்தைய வாரம் என்னிடம், “மாப்பிள்ளை, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டார். என் மனத்தில் ஒரே ஒரு கேள்வி இருந்தது: நம் ஊரில் ஈமுக் கறி சாப்பிட்ட ஒருவரையாவது எனக்குத் தெரியுமா? தெரியாது. உண்பவர் இல்லாத பறவையை வளர்க்க ஒருவன் எதற்காகப் பணம் கொடுக்கிறான் என்று கேட்டிருக்கலாம். மைத்துனருடைய வளர்ச்சியில் எனக்குப் பொறாமை என்று மனைவி வீட்டார் பேசிவிடுவார்களோ என்று அஞ்சி, “நல்லா விசாரிச்சுப் பண்ணுங்க” என்று சொன்னேன்.

2012 ஆகஸ்டில் அது உடைந்தது. நிறுவனங்களின் பொறுப்பாளர்கள் தலைமறைவானார்கள். தீவனம் இல்லாமல் தவித்த பறவைகளுக்குக் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டிய நிலை வந்தது. முதலீட்டாளர் நலன் காக்கும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. என் மைத்துனர் என்னைத் திட்டவில்லை. “உங்களுக்கு முன்னாலேயே தோணுச்சா?” என்று மட்டும் கேட்டார். தோன்றவில்லை என்று இரண்டாவது முறையும் பொய் சொன்னேன்.

உங்கள் நண்பரின் திட்டம் மோசடி அன்று. எண்ணெய் எல்லோரும் வாங்கும் பொருள். ஆனால் “விசாரித்துச் செய்” என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள். கேட்பவருக்கு அது சம்மதமாகத்தான் கேட்கும். சொல்பவருக்கோ, எச்சரித்துவிட்டோம் என்று பிற்காலத்தில் நினைவுகூர உதவும்.


கணக்குப்பிள்ளை
4 ஆகஸ்ட் 2025, காலை 6.50

திட்டம் தேறாது என்று “தோன்றுவதை” நண்பரிடம் சொல்லாதீர்கள். உங்களுக்குத் தோன்றுவதும் அவருக்குத் தோன்றுவதும் ஒரே எடைதான். அதில் அவருடையது பதினான்கு பக்கம். ஒரு லிட்டருக்கு என்ன கணக்கு வைத்திருக்கிறார், நாளுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறார், வாடகை எவ்வளவு என்பதை இங்கே தாருங்கள். பெயர், இடம் வேண்டாம்.


ஊறுகாய்க்காரி
4 ஆகஸ்ட் 2025, காலை 9.05

மறுபக்கத்திலிருந்து ஒருத்தி பேச வேண்டும் என்று நினைக்கிறேன். 2016 முதல் மதுரையில் வீட்டிலிருந்தபடி ஊறுகாயும் பொடி வகைகளும் செய்து விற்கிறேன். தொடங்கியபோது என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அவர்கள் சொன்ன காரணங்களில் பாதி சரியானவை என்று இன்று எனக்குத் தெரியும். ஆனால் அவர்களில் ஒருவர்கூட என் ஊறுகாயைச் சுவைத்துப் பார்த்துவிட்டு அதைச் சொல்லவில்லை. மாதச் சம்பளக்காரர்களுக்குத் தொழில் என்றாலே தோல்வியின் மறுபெயர். அந்த அச்சத்தை நேர்மை என்று பெயரிட்டு நண்பர்களுக்கு வழங்குகிறார்கள்.

எனக்கு உண்மையாக உதவியவள் ஒரே ஒரு தோழி. அவள் கருத்து எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு புட்டிகளை வாங்கித் தன் அலுவலகத்துக்குக் கொண்டுபோனாள். அடுத்த வாரம் ஏழு புட்டிக்கான பணத்தையும் விற்காத ஐந்து புட்டிகளையும் திரும்பக் கொண்டுவந்து வைத்து, “வாங்கினவங்க எண்ணெய் மிதக்குதுன்னு சொல்றாங்க, வாங்காதவங்க விலையைச் சொல்றாங்க” என்றாள். தோழமைக்காக அந்த ஐந்தையும் அவளே வைத்துக்கொண்டிருந்தால் நான் இன்றும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயைத்தான் செய்துகொண்டிருப்பேன்.


மேலரதவீதிக்காரன்
4 ஆகஸ்ட் 2025, இரவு 8.20

ஊறுகாய்க்காரி அவர்கள் சொன்னது தைத்தது. என் தயக்கத்தில் எவ்வளவு கணக்கு, எவ்வளவு பயம் என்று எனக்கே தெரியவில்லை.

கணக்குப்பிள்ளை ஐயா கேட்டவை இவை. கடலை எண்ணெயை வைத்துத்தான் கணக்குப் போட்டிருக்கிறான். ஒரு லிட்டருக்கு 2.4 கிலோ நிலக்கடலைப் பருப்பு, கிலோ 125 ரூபாய் வீதம் 300 ரூபாய். அதில் கிடைக்கும் 1.3 கிலோ புண்ணாக்கைக் கிலோ 45 ரூபாய்க்கு விற்று 58 ரூபாய் திரும்பி வரும். புட்டி, ஒட்டுச்சீட்டு 14 ரூபாய். ஆக அடக்கம் 256 ரூபாய், விற்பனை விலை 360 ரூபாய், மீதம் 104 ரூபாய். நாளுக்கு 60 லிட்டர், மாதம் முப்பது நாளும் விற்பனை. வாடகை 35,000, இரண்டு ஆட்களுக்கு 36,000, மின்சாரமும் மற்றவையும் 12,000. இப்படி மாதம் 1,04,200 ரூபாய் நிற்கும் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறான். முன்பணம் பத்து மாத வாடகை. கடன் 12 லட்சம், வட்டி 13 விழுக்காடு, ஐந்து ஆண்டுகள். தன் சேமிப்பு ஆறு லட்சத்தையும் போடுகிறான். மானியம் 35 விழுக்காடு வரும் என்றும், ஆண்டிறுதியில் வேளச்சேரியில் இரண்டாவது கிளை என்றும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.


கணக்குப்பிள்ளை
5 ஆகஸ்ட் 2025, காலை 7.10

உங்கள் நண்பரை நான் மதிக்கிறேன். பருப்பின் அளவையும் புண்ணாக்கையும் கணக்கில் சேர்த்திருக்கிறாரே, பலர் அதைக்கூடச் செய்வதில்லை. பிழை லிட்டர் கணக்கில் இல்லை. வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது.

முதலாவது, கடன் தவணை. 12 லட்சத்துக்கு 13 விழுக்காட்டில் ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 27,300 ரூபாய். அது அவருடைய செலவுப் பட்டியலில் இல்லை. சேர்த்தால் மாதச் செலவு 83,000 அன்று, 1,10,300. லிட்டருக்கு 104 ரூபாய் மீதத்தில், கைநட்டம் இல்லாமல் கடையை மூடித் திறக்கவே நாளுக்கு 35 லிட்டர் விற்றாக வேண்டும். அந்த 35 லிட்டரில் அவருக்கு ஒரு ரூபாய்கூடச் சம்பளம் இல்லை. இப்போது வாங்கும் 92,000 ரூபாயையும் கடையிலிருந்தே எடுக்க வேண்டும் என்றால் நாளுக்கு 65 லிட்டர். அவருடைய கனவுக் கணக்கே 60தான் என்பதைக் கவனியுங்கள். அதாவது எல்லாம் அவர் நினைத்தபடியே நடந்தாலும், இன்றைய சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் வீட்டுக்குப் போகும்.

இரண்டாவது, அந்த 60 எங்கிருந்து வந்தது என்பது. மாதம் 1,800 லிட்டர். நான்கு பேர் உள்ள குடும்பம் மாதம் நான்கு லிட்டர் எண்ணெய் வாங்கும் என்று வைத்தால், 450 குடும்பங்கள் தங்கள் எண்ணெய் முழுவதையும் இவரிடமே வாங்க வேண்டும். செக்கு எண்ணெய் வாங்கும் வீடுகளில் பல, பொரிப்பதற்குச் சுத்திகரித்த எண்ணெயும் தாளிக்கச் செக்கு எண்ணெயுமாகப் பிரித்து வைத்திருப்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அப்படியானால் 900 குடும்பங்கள். இந்த 900 பேர் இப்போது எங்கே வாங்குகிறார்கள், அதை விட்டு இவரிடம் ஏன் வருவார்கள் என்பதைப் பதினான்கு பக்கங்களில் எந்தப் பக்கம் சொல்கிறது என்று அவரைக் கேளுங்கள்.

பருப்பு விலையையும் பாருங்கள். கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால் லிட்டருக்கு 24 ரூபாய் போய்விடும். மீதம் 80 ஆகும். அப்போது 35 என்பது 46 ஆகிறது. விலையை ஏற்றலாமே என்றால், அதுவும் அவர் கையில் இல்லை. சுத்திகரித்த எண்ணெயின் விலையைத் தீர்மானிப்பவை இறக்குமதியும் சுங்க வரியும். கச்சாப் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 2024 செப்டம்பரில் 20 விழுக்காடாக ஏறியது. 2025 மே இறுதியில் 10 விழுக்காடாக இறங்கியது. அந்த எண்ணெய் மலிவாகும் ஒவ்வொரு முறையும் செக்கு எண்ணெயைத் தேடி வருகிறவர் ஒருமுறை யோசிப்பார்.

இன்னொன்று. 1,800 லிட்டரை 360 ரூபாய்க்கு விற்றால் ஆண்டு விற்றுமுதல் 77 லட்சத்தைத் தாண்டும். பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு 40 லட்சம். திட்டத்தில் அந்த வரிக்கும், கணக்கு எழுதுபவருக்கும் இடம் இருக்கிறதா?


செக்கடித்தெரு
5 ஆகஸ்ட் 2025, பிற்பகல் 2.35

மூன்று தலைமுறையாக எண்ணெய் ஆட்டும் குடும்பத்தில் பிறந்தவன் என்ற உரிமையில் சில வார்த்தைகள். விருதுநகர்க்காரர் சென்னைக்குப் போய்ச் செக்குப் போடுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அவர் ஒன்றை மறந்துவிட்டார். நாளுக்கு 60 லிட்டர் எண்ணெய் ஆட்டினால் 78 கிலோ புண்ணாக்கு விழும். மாதம் 2,340 கிலோ. எங்கள் ஊரில் செக்கை நிறுத்துவதற்கு முன்பே மாட்டுக்காரர் சாக்கோடு நிற்பார். மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய் கொஞ்சம் தங்கும் என்பதால் அதற்கு மவுசு உண்டு. மேடவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழே இருக்கும் கடையில் இரண்டு டன்னுக்கு மேல் புண்ணாக்கை எங்கே வைப்பார், யாருக்குக் கொடுப்பார்? வண்டி வைத்து எடுத்துப்போகும் வியாபாரி 45 ரூபாய் தர மாட்டார். 30 என்று வைத்தால் லிட்டருக்கு 19 ரூபாய்க்கு மேல் அங்கேயே போகிறது. மழைக்காலத்தில் பூசணம் பிடித்தால் அந்த முப்பதும் இல்லை.

ஆட்டிய எண்ணெயை அன்றே விற்கவும் முடியாது. இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துக் கசடு அடியில் தங்கிய பிறகுதான் புட்டியில் ஊற்றலாம். நவம்பரில் சென்னையில் வெயிலுக்கு எங்கே போவார்? பருப்பை மாதாமாதம் வாங்கினால் விலை கட்டாது. அறுவடைக் காலத்தில் மொத்தமாக வாங்கி வைக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் வேண்டும். வாங்கி வைத்த பருப்பில் பூசணம் விழுந்ததைக் கையால் பொறுக்கி எடுக்க ஆள் வேண்டும். பொறுக்காமல் ஆட்டினால் எண்ணெய் கசக்கும், உடம்புக்கும் கேடு. பாத்திரம் கொண்டுவந்தால் அளந்து ஊற்றித் தருவேன் என்று பலர் பழைய நினைப்பில் தொடங்குகிறார்கள். எண்ணெயைப் பொதிந்து விற்க வேண்டும் என்பது 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி.

இவ்வளவும் சொன்னது அவரைத் தடுப்பதற்கு அல்ல. கொப்பரையின் ஈரத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுகிறவருக்கு இந்தத் தொழிலின் மீது உள்ளபடியே ஆசை இருக்கிறது. எங்கள் ஊரில் கூலிக்கு ஆட்டித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். பருப்பு வாங்கிக் கொடுத்து ஆட்டி, பதினைந்து கிலோ டின்னில் லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் முதலில் விற்றுப் பார்க்கட்டும். புண்ணாக்கு ஊரிலேயே நல்ல விலைக்குப் போய்விடும். செக்கு வாங்குவதற்கு முன் எண்ணெய் விற்கத் தெரிகிறதா என்று பார்ப்பதில் குறைவு ஒன்றும் இல்லை.


வங்கிக்கிளை ஓய்வு
5 ஆகஸ்ட் 2025, மாலை 6.00

ஜாமீன் கையெழுத்தைப் பற்றி எல்லோரும் விரைவாகக் கடந்துவிட்டீர்கள். நான் முப்பது ஆண்டுகள் வங்கியில் இருந்தவன். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 128: கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அவரைத் துரத்திப் பிடித்து, சொத்தை விற்று, மீதிக்குத்தான் உங்களிடம் வருவார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தவணை தவறிய மறுமாதமே உங்களிடம் நேராக வரலாம். உங்கள் கடன் வரலாற்றிலும் அது ஏறும்.

இன்னொன்றையும் நண்பரிடம் கேளுங்கள். முதல்முறை தொழில் தொடங்குகிறவருக்கு முத்ரா திட்டத்தில் 10 லட்சம் வரை பிணையில்லாமல் கடன் உண்டு. அப்படியிருக்க உங்கள் கையெழுத்து எதற்கு? வங்கி அவருடைய திட்டத்தைப் பார்த்துத் தயங்கியிருக்கிறதா, அல்லது அவர் வங்கிக்கே போகவில்லையா? வங்கிக்காரன் தயங்குவதும் ஒரு கருத்துத்தான். அந்தக் கருத்தைச் சொல்வதற்கு அவனுக்கு நட்புத் தடை எதுவும் இல்லை.

35 விழுக்காடு மானியம் என்பது குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான மத்திய அரசுத் திட்டமாக இருக்கும். உச்சவரம்பு பத்து லட்சம். ஆனால் அந்தப் பணம் கைக்கு வராது. வங்கியிலேயே நிறுத்தி வைக்கப்பட்டு, மூன்று ஆண்டுகள் கடையும் கடன் கணக்கும் ஒழுங்காக ஓடியிருந்தால்தான் கடனில் கழிக்கப்படும். முதலாண்டுச் செலவுக்கு அதை நம்பியவர்கள் பலரை என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன்.


வைகறை
6 ஆகஸ்ட் 2025, காலை 5.40

என் கணவர் ஐந்து ஆண்டுகளுக்கு முன் வேலையை விட்டு ஓர் உணவகத்தின் கிளை உரிமை எடுத்தார். பதினெட்டு மாதத்தில் மூடினோம். இருபத்து நான்கு பவுன் போனது. அது என் நகை.

திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு அவருடைய நண்பர்கள் நான்கு பேர் எங்கள் வீட்டில் சாப்பிட்டார்கள். நான்தான் பரிமாறினேன். எல்லோரும் வாழ்த்தினார்கள். கிளம்பும்போது வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “ஆறு மாசம் தாண்டாதுடா” என்று ஒருவர் சொல்ல மற்றவர்கள் சிரித்தது சமையலறை ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. நான் என் கணவரிடம் சொல்லவில்லை. நான் சொன்னால் சண்டையாகியிருக்கும். அவர்கள் சொல்லியிருந்தால் யோசித்திருப்பார்.

மேலரதவீதிக்காரரே, அந்தப் பதினான்கு பக்கங்களை உங்கள் நண்பரின் மனைவி படித்திருக்கிறாரா என்று அவரிடமே கேளுங்கள். மனைவி எதிரில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள். வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதப் பணம் தொழிலுக்கு வெளியே ஒதுக்கியிருக்கிறார் என்றும் கேளுங்கள். நகை கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்பது அப்போது தெரியும்.


நேர்கோடு
6 ஆகஸ்ட் 2025, காலை 8.15

வைகறை அவர்களின் பதிவைப் படித்த பிறகு, விலகிக்கொள்ளுங்கள் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பணத்திலிருந்து விலகுங்கள் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாசலில் நின்று சிரித்த நால்வரில் ஒருவனாக நானும் இருந்திருக்கிறேன்.

ஒரு யோசனை. பணம் தர முடியாது என்பதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கணக்கைப் பேசுங்கள். கணக்கை முதலில் பேசினால், கடைசியில் பணத்தை மறுப்பதற்காகத்தான் இத்தனையும் கண்டுபிடித்தான் என்று தோன்றும்.


ஊறுகாய்க்காரி
6 ஆகஸ்ட் 2025, காலை 9.30

அந்த வரிசை சரி. அதோடு, நீங்கள் முதலில் “அருமை” என்று சொன்னதை நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். “நான் கேட்காமலேயே சொல்லிவிட்டேன், இப்போதுதான் படித்தேன்” என்று ஒத்துக்கொள்வதில் உங்கள் மரியாதை ஒன்றும் குறையாது. எல்லாத் தப்பையும் அவர் கணக்கில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் அவர் காதுகொடுக்க மாட்டார்.


மேலரதவீதிக்காரன்
18 ஆகஸ்ட் 2025, இரவு 9.50

இரண்டு வாரமாக எழுதவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலை அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேடவாக்கம் கூட்டுச்சாலையிலிருந்து பெரும்பாக்கம், பள்ளிக்கரணை என்று சுற்றினோம். வழியில் தேநீர்க் கடையில் நின்றபோது, பணமும் கையெழுத்தும் என்னால் முடியாது என்பதை முதலில் சொன்னேன். பேருந்தில் நின்றுகொண்டு “அருமை” என்று சொன்னதையும் சொன்னேன். “தெரியும், பின்னால கண்டக்டர் சத்தம் கேட்டுச்சு” என்றான்.

மரச்செக்கு என்று பெயர்ப்பலகை வைத்த கடைகளை எண்ணிக்கொண்டே போனோம். ஒன்பது. அவன் திட்டத்தில் “அருகில் போட்டி குறைவு” என்று ஒரு வரி இருந்தது. ஒரு கடையில் அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிவிட்டுப் பேச்சுக் கொடுத்தோம். வார நாட்களில் பதினெட்டு லிட்டர், ஞாயிறு முப்பது லிட்டர் போனால் நல்ல நாள் என்றார் கடைக்காரர். எண்ணெயை மட்டும் நம்பாமல் கருப்பட்டி, சிறுதானியம், தேன் எல்லாம் அடுக்கி வைத்திருந்தார். திரும்பி வந்து கணக்குப்பிள்ளை ஐயாவின் 35, 46, 65 ஆகிய எண்களை அவன் தாளின் பின்பக்கத்தில் நானே எழுதிக் காட்டினேன். தவணையை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்டேன். மானியம் வந்ததும் கடனை அடைத்துவிடலாம் என்று நினைத்ததாகச் சொன்னான். மானியம் எப்போது கிடைக்கும் என்பதைச் சொன்னதும் முகம் மாறியது. “நீ மாசச் சம்பளக்காரன், உனக்கு எல்லாமே பயம்தான்” என்றான். அவனும் மாதச் சம்பளக்காரன்தான் என்பதை அந்த நேரத்தில் நான் சொல்லவில்லை. அவன் மனைவி அந்தப் பக்கங்களைப் படித்திருக்கிறாரா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வண்டியில் ஏறாமல் பேருந்தில் போய்விட்டான்.

நான்கு நாட்கள் பேச்சு இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அழைத்து, வணக்கம்கூடச் சொல்லாமல், “மாப்பிள்ளை, அந்தப் புண்ணாக்கை நிஜமாவே யாரும் வாங்க மாட்டாங்களா?” என்று கேட்டான். வாடகை, கடன், குடும்பம் என்று நான் எழுதி வைத்துப் பேசியவற்றில் எதுவும் அவனை அசைக்கவில்லை. புண்ணாக்கு அசைத்திருக்கிறது. செக்கடித்தெரு அவர்களுக்கு என் நன்றி. கூலிக்கு ஆட்டும் யோசனையை அப்போது சொன்னேன். நேற்று ஆவணி பிறந்துவிட்டது. முன்பணம் இன்னும் கொடுக்கவில்லை. விலகல் கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.


செக்கடித்தெரு
18 ஆகஸ்ட் 2025, இரவு 10.30

புண்ணாக்கை வைத்து ஒருவரை நிறுத்தியது எங்கள் குடும்ப வரலாற்றில் இதுவே முதல்முறை. ஆட்டக் கொடுப்பதற்கு முன் பருப்பை அவரே ஒரு கைப்பிடி மென்று பார்க்கச் சொல்லுங்கள். சிக்கு வாடை அடித்தால் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம்.


மேலரதவீதிக்காரன்
5 அக்டோபர் 2025, இரவு 9.15

கேட்டவர்களுக்காக நிலவரத்தை எழுதுகிறேன். அவன் வேலையை விடவில்லை. பார்த்து வைத்திருந்த கடையை வேறொருவர் கைப்பேசிப் பழுதுபார்ப்புக் கடைக்கு எடுத்துவிட்டார்; அதற்காக என்மீது ஒரு வாரம் வருத்தமாக இருந்தான். பிறகு ஊரில் கூலிக்கு ஆட்டக் கொடுத்து, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்கி, மூன்று டின் கடலை எண்ணெயை வரவழைத்தான். அவன் மனைவிதான் ஒட்டுச்சீட்டு எழுதுகிறார். காளைப் படத்தை எடுத்துவிட்டார். சனி, ஞாயிறு மாலைகளில் அவர்கள் குடியிருப்பின் வாசலிலும் பக்கத்துக் குடியிருப்பின் வாசலிலும் மேசை போட்டு விற்கிறார்கள். முதலில் கேட்ட மூன்று லட்சத்துக்குப் பதிலாக நான் 20,000 ரூபாய் கொடுத்தேன், திரும்ப வராது என்று எனக்குள் எழுதிவிட்டுத்தான்.

செப்டம்பரில் மொத்தம் 38 லிட்டர் விற்றிருக்கிறான். மாதத்துக்கு. தீபாவளிக்கு முன் நூறைத் தாண்டும் என்கிறான். ஆண்டிறுதிக்குள் கடை பார்க்கலாம் என்ற பேச்சு மறுபடியும் தொடங்கியிருக்கிறது. இந்த முறை என்ன சொல்வது என்று யோசிக்கிறேன்.


ஊறுகாய்க்காரி
5 அக்டோபர் 2025, இரவு 9.40

ஒன்று கேட்கிறேன். அந்த 38 லிட்டரில் நண்பர்களும் உறவினர்களும் அலுவலகத்தில் உடன் வேலை பார்ப்பவர்களும் வாங்கியது எத்தனை லிட்டர்?


மேலரதவீதிக்காரன்
5 அக்டோபர் 2025, இரவு 10.05

இப்போதுதான் அவனைக் கேட்டு, இருவருமாக எண்ணினோம். 22 லிட்டர். அதில் இரண்டு லிட்டர் நான் வாங்கியது. இன்னும் மூடியைத் திறக்கவில்லை.